பூட்டினேனா, இல்லையா

பிப்ரவரி 24, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே உன் சௌக்கியத்தையும் அப்பாவின் சௌக்கியத்தையும் தெரிந்துகொள்ள ஆசை என்று எழுதினால், "ஆசை இருந்தால் ரயில் ஏறி வந்து பார்" என்று நீ பதில் போடுவாய். அதனால் அந்த வரியை மட்டும் விட்டுவிடுகிறேன்.

உன் தம்பி மனைவிக்கு இடுப்புவலி கொஞ்சம் தேவலை. பெரியவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்தார்களாம், ஒரு வாரமாக வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுகிறாள். ஸ்டேஷனில் எங்கள் பார்சல் ஆபீசுக்குக் கோழிக்குஞ்சுப் பெட்டி ஒன்று வந்தது. அடித்தட்டு உடைந்து அத்தனையும் பிளாட்பாரத்தில் ஓடிவிட்டது. நான் நான்கு காலில் தவழ்ந்து பிடித்ததைப் பார்த்து, எக்ஸ்பிரஸ் வண்டியில் வந்தவர்கள் எல்லாம் ஜன்னலில் தொங்கிச் சிரித்தார்கள். உன் தம்பியின் மானம் இப்போது பல ஊர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன் கீழ்வீட்டு இஸ்திரிக்கார அம்மா எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறார். என் விலாசம் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "உங்க அக்கா பெரியவரை உள்ள வச்சு வெளிய பூட்டிட்டு வேலைக்குப் போறாங்க. பாவம், அவர் நாள் முழுக்கக் கதவைத் தட்டிக்கிட்டே இருக்கார். கீழே துணி தேய்க்கிற எனக்கு அந்தச் சத்தம் கேக்கவே கஷ்டமா இருக்கு."

இது நிஜமா அக்கா? முப்பது வருடம் பஸ் ஓட்டி ஊரையே ஏற்றி இறக்கியவரை ஓர் அறையில் போட்டுப் பூட்டுவதா? ஞாபகம் தப்பிப்போகிறது என்றால் மனிதரே இல்லாமல் போய்விட்டாரா? படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஜெயிலில்கூடக் காலையில் திறந்துவிடுவார்கள்.

என் முறை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது என்று நீ நினைப்பாய். பின் அறைக் கூரையைச் சரிசெய்து முடித்ததும் அப்பாவை நானே வந்து கூட்டிவருகிறேன். அதுவரை அந்தக் கதவைத் திறந்து வை. நான் கேட்பது இது ஒன்றுதான்.

உன் தம்பி

---

மார்ச் 2, திங்கள், காலை

தம்பிக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. இரண்டு நாள் ஆறப்போட்டும் கோபம் ஆறவில்லை. அதனால் சூடாகவே எழுதுகிறேன்.

உனக்குச் சோறு இறங்கவில்லையா? பின் அறைக் கூரையைச் சரிசெய்ய ஆரம்பித்தது போன வருடம். அதற்கு முன் உன் மனைவிக்கு உடம்பு. அதற்கு முன் சின்னவனுக்கு அம்மை. அப்பாவை மூன்று மாதம் வைத்தியம் பார்க்கலாம் என்றுதான் இந்த ஊருக்கு அழைத்து வந்தேன். அந்த மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. நான் இதுவரை முறை என்ற சொல்லை எடுத்தேனா? நீயே எடுத்தாய், அதனால் சொல்கிறேன்.

கேள், இங்கே எப்படி என்று. விடிந்ததும் அப்பா காக்கிச் சட்டையைப் போட்டுக்கொள்வார். ஷூ நாடாவை இறுக்கிக் கட்டுவார். "டியூட்டிக்கு நேரமாச்சு" என்பார். எந்த டியூட்டி, எந்த டிப்போ? அவர் ஓட்டியதெல்லாம் உன் ஊரில். ஆனால் டிப்போ அடுத்த தெருவில் இருப்பதாக நினைத்துக் கிளம்பிவிடுவார். ஒரு தடவை நாற்சந்தி நடுவில் நின்றுகொண்டிருந்தார். லாரிக்காரன் பிரேக் போட்டதால் பிழைத்தார். இன்னொரு தடவை மார்க்கெட்டில் வெறுங்காலோடு கிடைத்தார். காலெல்லாம் கண்ணாடிச் சில். அதற்குப் பிறகுதான் பூட்டு வாங்கினேன். நீ ஜெயில் என்று எழுதிய அந்தப் பூட்டு.

இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். கிளம்பும்போது அவர் முன்னால் நிமிர்ந்து நின்று, "இன்னிக்கு உங்களுக்கு லீவு" என்று சொல்லிவிடுவேன். அவருக்கு நான் மகள் என்பது சில நாள் ஞாபகம் இருக்கும், சில நாள் இருக்காது. ஆனால் லீவு கொடுக்கிறவர் மேனேஜர் என்பது மறப்பதில்லை. "சரிங்க மேனேஜர்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். மதியம் வரைக்கும் தாங்கும். பிறகு லீவும் மறந்துபோகும், கதவைத் தட்ட ஆரம்பிப்பார். அதைத்தான் கீழ்வீட்டு ரேடியோ உனக்கு ஒலிபரப்பியிருக்கிறது. ஆமாம், அந்த அம்மாவுக்கு நான் வைத்திருக்கும் பெயர் ரேடியோ. என்னிடம் வந்த உன் கடித உறையில் விலாசம் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறார். மாடி ஏறி வந்து ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, போட்டுக் கொடுக்கத் தோன்றியிருக்கிறது. நேற்று அவரை வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். இனி முகத்தில் விழிக்கப் போவதில்லை.

மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. மேற்கே கிடங்குத் தெருவில் சனிக்கிழமை பிடித்த தீ இன்னும் எரிகிறது. இங்கேயும் கொடியில் காயும் துணியெல்லாம் கரி. காற்று நின்றால் அணைந்துவிடும் என்கிறார்கள். அப்பாவுக்குப் புகை ஒத்துக்கொள்ளாமல் இருமல். ஜன்னலை மூடிவைத்திருக்கிறேன்.

உன் ஆசைப்படியே செய்கிறேன். இன்று பூட்டப் போவதில்லை. கதவை வெறுமனே சாத்திவிட்டு வேலைக்குப் போகிறேன், போகும் வழியில் இதைத் தபாலில் போடுகிறேன். என்ன ஆனாலும் உன் பொறுப்பு.

குழந்தைகளுக்கு என் முத்தம். பெரியவளிடம், பல் விழாத அத்தைக்குத்தான் இங்கே கஷ்டம் என்று சொல்.

உன் அக்கா

---

மார்ச் 2, திங்கள், பிற்பகல்

தம்பி,

இது பட்டறையில் குடைத் துணி சுற்றி வந்த தாள். எழுத்து கோணலாக இருக்கும். பாலத்துக் கைப்பிடிச் சுவரின் மேல் வைத்து எழுதுகிறேன். சும்மா நிற்க முடியவில்லை, அதனால்தான்.

கிடங்குத் தெருவுக்கும் எங்களுக்கும் நடுவிலுள்ள கால்வாயைத் தீ தாண்டிவிட்டது. எங்கள் தெருப் பக்கம் முழுக்கப் புகை. நான் ஆற்றுக்கு இந்தக் கரையில் இருக்கிறேன், அப்பா அந்தக் கரையில் இருக்கிறார். பாலத்தில் கயிறு கட்டி மறித்துவிட்டார்கள்.

காலையில் வழக்கம்போலத்தான் குடைப் பட்டறையில் உட்கார்ந்தோம். கம்பியில் துணியைக் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கே விளக்கு போட வேண்டியிருந்தது, அவ்வளவு இருட்டு. நான் வீட்டுக்குப் போகிறேன் என்று முதலாளியிடம் கேட்டேன். சரக்கை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோன பிறகு போகலாம் என்றார். எனக்கு மூளை எங்கே போனது? அவர் சொன்னார் என்று நானும் கட்டுக் கட்டாகக் குடை சுமந்தேன். கடைசிக் கட்டை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது எதிர்க்கரையில் சிவப்பாகத் தெரிந்தது. போட்டது போட்டபடி ஓடிவந்தேன். அதற்குள் கயிறு கட்டிவிட்டார்கள்.

கயிற்றருகே நின்ற போலீஸ்காரரிடம் அப்பா உள்ளே இருக்கிறார் என்று சொன்னேன்.

"அந்தப் பக்கம் எல்லாரையும் வெளியேத்தியாச்சும்மா."

"பூட்டின வீட்டையும் திறந்து பாத்தீங்களா?"

அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி, அந்த முகம் திரும்பிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏன் அப்படிக் கேட்டேன்? இன்று பூட்டப் போவதில்லை என்று உனக்கு எழுதினேனே. ஆனால் வாயில் அந்தக் கேள்விதான் வந்தது. அப்போதுதான் உறைத்தது. எனக்கு ஞாபகம் இல்லை. நான் பூட்டினேனா, இல்லையா?

எல்லாவற்றையும் வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். பால் பொங்கியது. அப்பாவின் சட்டைப் பொத்தான் ஒன்று தொங்கியது, ஊசி எடுத்துத் தைத்தேன். லீவு என்று சொன்னேன். "எத்தனை நாள் மேனேஜர்?" என்றார். இன்றைக்கு மட்டும் என்றேன். உனக்கு எழுதிய கடிதத்தை ஒட்டினேன். கதவைச் சாத்தினேன். அதற்கப்புறம் தெருவில் நடப்பதுதான் நினைவுக்கு வருகிறது. நடுவில் என் கை என்ன செய்தது? தினமும் அந்தக் கை நாதாங்கியை இழுத்து மாட்டும், பூட்டைத் தொங்கவிட்டு அழுத்தும், சாவியை எடுத்துப் பையில் போடும். நான் பார்ப்பதுகூட இல்லை, கை தானாகச் செய்யும். இன்று செய்யாதே என்று நான் கைக்குச் சொன்னேனா? மனதுக்குள் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே படி இறங்கினேன். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

சாவி பையில்தான் இருக்கிறது. அது எப்போதும் பையில்தான் இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பூட்டியிருந்தால் அவர் மூன்றாவது மாடியில், மூடிய ஜன்னலோடு, கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார். பூட்டாமல் விட்டிருந்தால் எரிகிற தெருவில் டிப்போவைத் தேடிக்கொண்டிருக்கிறார். எது நடந்திருக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்பது? இதைக் கேட்டால் அது பயமாக இருக்கிறது, அதைக் கேட்டால் இது பயமாக இருக்கிறது.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன். நீ அந்தக் கடிதத்தை எழுதியிருக்காவிட்டால் என் கை என்ன செய்தது என்று எனக்குத் தெரிந்திருக்கும்.

மாலை

பாலத்திலிருந்தும் விரட்டிவிட்டார்கள். தீப்பொறி ஆற்றைத் தாண்டி வந்து விழுகிறது. முதலாளி எங்களைச் சுமக்க வைத்த குடைகளை யாரோ பிரித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்கள். கரை முழுக்கச் சனங்கள் கருப்புக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், மேலே நெருப்பு விழுகிறது. என் குடையில் ஐந்தாறு ஓட்டை. எல்லாம் நான் தைத்த குடைதான், தையலைப் பார்த்தாலே தெரிகிறது.

அக்கரையில் ஏதோ வெடிக்கிறது. எண்ணெய் பீப்பாய் என்கிறார்கள். காக்கிச் சட்டையில் ஒரு வயதானவரைப் பார்த்து ஓடினேன். தோளைத் தொட்டதும் திரும்பினார். யாரோ. இன்னொருவரையும் அப்படித் தொட்டேன். இப்போது காக்கியைப் பார்த்தாலே ஓடுவதற்கும் பயமாக இருக்கிறது.

செவ்வாய், காலை

விடிந்துவிட்டது. ஆனால் சூரியன் இல்லை. எங்கள் தெரு எரிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். தந்தி ஆபீஸ் வேலை செய்யவில்லை. தபால் வண்டி ஒன்று ரயிலுக்குப் போகிறது, அதில் இதைக் கொடுக்கப் போகிறேன். எனக்கு இப்போது விலாசம் கிடையாது. கிடைத்ததும் எழுதுகிறேன்.

அப்பாவுக்காக வேண்டிக்கொள். பெரியவளையும் வேண்டிக்கொள்ளச் சொல். என்ன விஷயம் என்று அவளிடம் சொல்லாதே.

அக்கா

---

மார்ச் 2, திங்கள், இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதம் போட்டதிலிருந்து எனக்கு வீட்டில் சாப்பாட்டோடு திட்டும் சேர்த்துப் பரிமாறப்படுகிறது. உன் தம்பி மனைவி அந்தக் கடிதத்தில் நான் என்ன எழுதினேன் என்று கேட்டாள். ஜம்பமாகச் சொன்னேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"பெத்த அப்பாவை ஒரு நாள் முழுக்க நீங்க தனியா பாத்துக்கிட்டதுண்டா? பாத்துட்டு அப்புறம் எழுதுங்க" என்றாள்.

யோசித்தால் அவள் சொல்வது சரி. நான் அவரைப் பார்த்துக்கொண்டதெல்லாம் நாலு பேர் இருக்கிற வீட்டில். நீயோ தனியாள். வேலைக்கும் போக வேண்டும். ஜெயில் என்று எழுதியது தப்பு அக்கா. அந்த வரியை மட்டும் கிழித்துப் போட்டுவிடு.

பேப்பரில் உங்கள் ஊர்க் கிடங்கில் தீ என்று ஒரு மூலையில் சின்னதாகப் போட்டிருக்கிறார்கள். உன் வீட்டுக்கு அது தூரம்தானே? வண்டியும் நெரிசலுமாகத் தெரு இருக்கும். இந்த நேரத்தில் அப்பா வெளியே போய்விட்டால் யார் தேடுவது? அதனால் நான் முன்பு சொன்னதை மறந்துவிடு. கதவைப் பூட்டு. தயவுசெய்து பூட்டியே வை. உள்ளே இருந்தால் பத்திரமாக இருப்பார்.

அடுத்த மாதம் கட்டாயம் வருகிறேன். சிரிக்காதே, நிஜமாகத்தான்.

உன் தம்பி

---

மார்ச் 8, ஞாயிறு
ஆற்றங்கரைப் பள்ளிக்கூடம், அகதிகள் முகாம், நாலாம் வகுப்பு அறை

தம்பிக்கு,

உன் இரண்டாவது கடிதம் என் கைக்கு வந்துவிட்டது. தபால்காரருக்குத் தெரு இல்லாமல் போனாலும் எங்களையெல்லாம் அடையாளம் தெரிகிறது. முகாம் முகாமாகப் பை தூக்கிக்கொண்டு வருகிறார். உள்ளே இருந்தால் பத்திரமாக இருப்பார் என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமைதான் பாலத்தைத் திறந்தார்கள். நம் தெருவில் நடந்தபோது நம் தெரு என்றே தெரியவில்லை. தெருமுனைத் தண்ணீர்க் குழாயை வைத்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன். மூன்று மாடியும் சரிந்து ரேடியோவின் இஸ்திரிக் கடை மேல் குவிந்து கிடக்கிறது. முன்சுவர் மட்டும் நிற்கிறது, ஜன்னல்களுக்குப் பின்னால் ஆகாயம் தெரிகிறது. கிட்டப் போனால் இன்னும் சுடுகிறது.

குவியலைக் கிளறிக்கொண்டிருந்தவர்கள் எடுத்த இரும்புச் சாமான்களை ஒரு பக்கமாகப் போட்டிருந்தார்கள். கட்டில் கால், வாளிப் பிடி, தையல் மெஷின் சக்கரம். அதற்குள் நம் பூட்டு கிடந்தது. அடிப்பக்கம் நசுங்கியிருக்கும், அதனால் எனக்குத் தெரியும். நாதாங்கியோடு சேர்ந்தே கிடந்தது. கறுத்துப்போய், பூட்டியபடி.

பூட்டித்தான் இருக்கிறது தம்பி. இழுத்துப் பார்த்தேன், திறக்கவில்லை. சாவியை நுழைத்துப் பார்த்தேன், துவாரம் உருகி அடைத்துப்போயிருக்கிறது. பூட்ட மாட்டேன் என்று உனக்கு எழுதி, அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே பூட்டியிருக்கிறேன்.

கட்டிடத்தை முழுக்கக் கிளற இன்னும் நாலைந்து நாள் ஆகுமாம். ஏதாவது கிடைத்தால் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். ஏதாவது என்றுதான் சொன்னார்கள். நான் தினமும் போய் எதிர்ச்சாரியில் உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிடுவார்கள் என்றும் பயம், கூப்பிடமாட்டார்கள் என்றும் பயம். ரேடியோவையும் காணவில்லை. கடைசியாக நான் அவரிடம் பேசியது, "உங்க வாய்ல நெருப்பை வைக்க" என்றுதான். இதையும் நான்தான் சொன்னேன்.

தூங்கினால் தட்டும் சத்தம் கேட்கிறது. பக்கத்து வகுப்பறையில் யாராவது பெஞ்சை நகர்த்தினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

நீ வா. அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய். வேண்டாத கூரை வேலையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். செய்து முடித்ததும் உன் ஊருக்குப் போய்விடு, என்னைக் கூப்பிடாதே. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு அந்தக் கடிதம்தான் ஞாபகம் வரும். என் முகத்தைப் பார்த்தால் உனக்குப் பூட்டுதான் ஞாபகம் வரும். இனி ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள நமக்குள் என்ன இருக்கிறது?

அக்கா

---

மார்ச் 10, செவ்வாய்

அக்கா,

அப்பா உயிரோடு இருக்கிறார். இங்கே, என் வீட்டில், பின் அறையில் இருக்கிறார். இருமல் மட்டும் இருக்கிறது. இன்னொரு தடவை எழுதுகிறேன், அப்பா உயிரோடு இருக்கிறார்.

இந்தக் கடிதத்தை ரேடியோ அம்மாவிடமே கொடுத்தனுப்புகிறேன். அந்த முகாமில் உன்னை அடையாளம் காண அவரால்தான் முடியும். நீ இதைப் பிரிப்பதற்குள் அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருப்பார் என்று தெரியும். இருந்தாலும் என் பங்குக்கு நானும் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை உங்கள் ஊரிலிருந்து ரயில் ரயிலாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லோர் முகத்திலும் கரி. ஒவ்வொரு பெட்டியாக உன்னைத் தேடி ஓடினேன். கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு காக்கிச் சட்டை இறங்கியது. பின்னாலேயே ஒரு அம்மா, ஒரு கையில் அவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு. "உங்க விலாசம் ஒண்ணுதான் எனக்கு மனப்பாடம். அதான் இங்க கூட்டி வந்தேன். உங்க அக்கா திட்டினா திட்டட்டும்" என்றார். அக்கா, அவர் எனக்குப் போட்டதற்காக நீ திட்டிய அந்தக் கடிதம்தான் அப்பாவை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

ஆமாம், நீ பூட்டியிருந்தாய். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. திங்கள் மதியம் தெருவே ஓடிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவும் துணி மூட்டையோடு கிளம்பியிருக்கிறார். அப்போதுதான் மேலேயிருந்து தட்டும் சத்தம் வரவில்லை என்று கவனித்தாராம். அந்த நேரத்துக்குத் தினமும் கேட்கும் சத்தம். மூட்டையைப் போட்டுவிட்டு, புகைக்குள் மூன்று மாடி ஏறி, இஸ்திரிப் பெட்டியால் அடித்து நாதாங்கியைக் கதவிலிருந்து பேர்த்திருக்கிறார். நீ கண்டெடுத்தது அதுதான். பூட்டு திறக்கவே இல்லை, கதவு திறந்துவிட்டது.

இனிமேல்தான் கூத்து. உள்ளே அப்பா சட்டைப் பொத்தான் போட்டு, ஷூ நாடா கட்டி, நாற்காலியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாராம். எழுந்திருக்க மறுத்துவிட்டார். "இன்னிக்கு லீவு. மேனேஜர் சொல்லியாச்சு. நான் எங்கயும் வர்றதா இல்லை" என்றாராம். இழுத்தும் வரவில்லை. படிக்கட்டில் தீ தெரிய ஆரம்பித்துவிட்டது. தினமும் மாடியில் நீ பேசுவதையெல்லாம் படிக்கட்டு வழியாகக் கீழேயிருந்து காது கொடுத்துக் கேட்டவர் அல்லவா, அந்த அம்மா சட்டென்று சொன்னாராம்: "மேனேஜர்தான் என்னை அனுப்பினாங்க. அவசர டியூட்டி. லீவு கேன்சல்." அப்பா உடனே எழுந்து அவருக்கு முன்னால் இறங்க ஆரம்பித்துவிட்டார். ஆகவே நீ பூட்டாமல் போயிருந்தாலும் அவர் அந்த நாற்காலியை விட்டு நகர்ந்திருக்க மாட்டார். காலையில் நீ பூட்டிய சத்தம் கேட்டிருக்காவிட்டால், அவர் எப்போதோ போயிருப்பார் என்று நினைத்து அந்த அம்மாவும் மாடி ஏறியிருக்க மாட்டார். இதை நான் உனக்கு ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ராத்திரி பகலாக யோசித்துப் பார்த்துவிட்டேன், எப்படிப் பார்த்தாலும் இப்படித்தான் வருகிறது.

ரயில் ஏறும் முன் அந்த அம்மா உன்னைத் தேடி உன் பட்டறைத் தெருவுக்கும் வந்திருக்கிறார். உள்ளே விடவில்லையாம். ஒரு போலீஸ்காரரிடம் உன் அடையாளம் சொல்லிவிட்டு வந்தாராம். அவர் யாரிடம் சொன்னாரோ. உன் குடைத்தாள் கடிதம் எனக்கு சனிக்கிழமைதான் கிடைத்தது. அதில் விலாசம் இல்லை. கிளம்பி வரப் பார்த்தேன், வெளியூர் ஆட்களை வண்டியில் ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்கள். இன்று காலை உன் முகாம் கடிதம் வந்தது. பார்சல் ஆபீசில் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டேன். கோழிக்குஞ்சு பிடித்ததற்குச் சிரித்தவர்கள் இதற்குச் சிரிக்கவில்லை.

இப்போது வண்டியில் ஏற்றுகிறார்கள், நானே வரலாம். ஆனால் அப்பாவை விட்டு நகர முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இங்கேதான் நிஜமான டிப்போ இருக்கிறதே, இங்கே பூட்டு எதற்கு என்று பெருமையாக நினைத்தேன். வெள்ளிக்கிழமை அவர் டியூட்டிக்குக் கிளம்பினார். துணைக்குப் பெரியவளையும் அனுப்பினேன். டிப்போவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். மரியாதைக்காக, அங்கே நின்றிருந்த ஒரு பஸ்ஸின் டிரைவர் சீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். சாவி அதிலேயே இருந்திருக்கிறது. யார் பெயரும் ஞாபகம் இல்லாதவருக்கு கிளட்ச் ஞாபகம் இருந்திருக்கிறது. வண்டி நகர்ந்துவிட்டது. பெரியவள் வண்டிக்கு முன்னால் நின்று தாத்தாவைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாளாம். ஒரு மெக்கானிக் அவளைப் பிடித்து இழுத்தார், வண்டி தண்ணீர்த் தொட்டிச் சுவரில் முட்டி நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சனிக்கிழமை போய்ப் பூட்டு வாங்கினேன் அக்கா. நான்தான் வாங்கினேன்.

நேற்று எல்லோரும் வெளியே போயிருந்த நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனேன். பூட்டினேனா என்று சந்தேகம் வந்தது. திரும்பி வந்து பார்த்தேன், பூட்டித்தான் இருந்தது. பூட்டியிருக்கிறதே என்று பயம் பிடித்துக்கொண்டது. அதற்கு மேல் போகவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து அவர் தட்டினார். ஸ்டேஷனில் நேற்று எனக்கு ஆப்சென்ட் போட்டிருப்பார்கள். இதை நீ தினமும் எப்படிச் செய்தாய்?

நான் லீவு என்று சொன்னால் அவர் நம்புவதில்லை. உன்னைப் போலவே நிமிர்ந்து நின்று சொல்லிப் பார்த்தேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ யாருப்பா லீவு குடுக்க? மேனேஜர் வரட்டும்" என்கிறார். நேற்று முழுக்க உன்னைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

எழுதிக்கொள்ள நமக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். எழுத வேண்டாம், கிளம்பி வந்துவிடு. பின் அறைக் கூரை இரண்டு நாளில் முடிந்துவிட்டது. இரண்டு நாள் வேலைதான் அது, நீ எத்தனை திட்டினாலும் தகும்.

கடைக்காரர் பூட்டோடு இரண்டு சாவி கொடுத்தார். ஒன்று என் பையில் இருக்கிறது. இன்னொன்றை இந்த உறைக்குள் வைத்து ஒட்டியிருக்கிறேன். பிரிக்கும்போது கீழே விழாமல் பார்த்து எடு.

உன் தம்பி